பூ வண்டியில் ஏறிய ஆறு பாட்டுகள்

இதனால் சகலமானவர்களுக்கும், முக்கியமாக இன்னும் பிறக்காத உனக்கும், அறிவிப்பது யாதெனில்: இன்று பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, மார்க்கெட்டிலிருந்து திரும்பி நின்ற வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, உன் அப்பாவாகிய என் மேலுதட்டின் இடது ஓரத்தில் நான்காவது முடி தென்பட்டது. மூன்று முடி இருக்கிறவரை அதை அழுக்கு என்று வாதாடலாம். நான்கு என்றால் மீசை. எனக்குப் பதினேழு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. முதுமை இப்படித்தான் ஓசைப்படாமல் வந்து நிற்குமாம். கை நடுங்குவதற்குள், நினைவு தப்புவதற்குள், வளர்ந்து ஆளாகி நிற்கப்போகும் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயது, வீட்டில் உனக்குக் கல்யாணப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். பெண் யாரென்று எனக்குத் தெரியாது. உன் அம்மா யாரென்பதே இன்னும் முடிவாகவில்லை, அதனால் அவசரப்படாதே.

மகனே, நான் கொதித்துப்போய் இருக்கிறேன். இந்த வீட்டில் ஒன்பது நாளாக ஒரு இசைக்குத் தடை. அந்த இசையின் பெயர் ராக்கபில்லி. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அடுப்படியிலிருந்து என் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்னது, பில்லியா? ஏலே, வீட்டுக்குள்ள பில்லி சூனியமெல்லாம் வேணாம். எவன்கிட்டடா கத்துக்கிட்டு வந்த?”

“பாட்டும்மா. வெறும் பாட்டு.”

“பாட்டுக்கு எதுக்குடா பில்லின்னு பேரு? நல்ல பேரே கெடைக்கலையாக்கும் அவனுகளுக்கு?”

உலகத்துக்கெல்லாம் பூட்டு செய்து கொடுத்த மாவட்டம் இது. பூட்டு தெரிந்த அளவுக்குப் பாட்டு தெரியவில்லை. தெரியாததைக் கண்டால் உடனே ஒரு பூட்டு. நீயாவது திறந்த காதோடு வளர வேண்டும் என்பதற்காக விளக்குகிறேன். எழுபது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில், பருத்திக்காட்டு வீடுகளில் பிறந்த பையன்கள் கொஞ்சம் பேர், தங்கள் கிராமத்துப் பாட்டையும் பக்கத்துத் தெருவில் கறுப்பின மக்கள் வாசித்த தாளத்தையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டினார்கள். தாளத்தைக் கொடுத்தவர்களுக்குப் பேரும் கிடைக்கவில்லை, புகழும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது. ராக்கபில்லி என்ற பேரில் பின்பாதி, மலைக்காட்டு ஆட்களை நகரத்துக்காரர்கள் கேலி செய்த வார்த்தையிலிருந்து வந்தது. நம்மைப் பட்டிக்காட்டான் என்கிறார்களே, அதே மாதிரி. கேலியையே பேராகச் சூட்டிக்கொண்டு பாடினார்கள் என்றால் எவ்வளவு திமிர் வேண்டும்! அந்தத் திமிருக்காகவே நாலு முறை கேட்கலாம்.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே இந்தப் பாட்டுகள் முதன்முதலில் நுழைந்த காது என்னுடையது என்று நம்புகிறேன். இல்லை என்று யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை. போனில் ஒரு வீடியோவில், ஒருவன் தன்னைவிட உயரமான தந்தி வாத்தியம் ஒன்றை நிற்கவைத்து, தந்தியைச் சுண்டி இழுத்து, உள்ளங்கையால் கட்டையில் அறைந்துகொண்டிருந்தான். பின்னால் மேளமில்லை, டிரம்மில்லை. அந்த அறைதான் தாளம். மறுநாளே நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மொபைல் கடைக்குப் போய், “இந்த மாதிரி ஆறு பாட்டு ஏத்திக் குடுங்கண்ணே” என்றேன். அவர் ஏற்றிக் கொடுத்தார். பாட்டுகளுக்குப் பெயர் வரவில்லை, ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும். அதனால் என்ன? பெயர் தெரிந்தால்தான் மல்லிகை மணக்குமா? நானே பெயர் வைத்தேன். அந்தப் பெயர்களைத்தான் உனக்குச் சொத்தாக விட்டுப்போகிறேன்.

புதிதாகக் கேட்கிறவன் முதலில் கேட்க வேண்டியது விக்கல் பாட்டு. பாடுகிறவன் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல மாட்டான். பாதியில் விக்குவான், தொண்டையை மேலே ஏற்றி இறக்குவான், திரும்பவும் விக்குவான். தண்ணீர் கொடுக்கலாமா என்று உனக்குத் தோன்றும். கொடுக்காதே. அது தாகமில்லை, வித்தை. இரண்டே நிமிஷம்தான் பாட்டு. இன்றைய சினிமாப் பாட்டுகளில் அந்த நேரத்துக்குள் ஆட்டத்துக்கு விடும் புகைகூட வந்து முடிந்திருக்காது. அர்த்தம் தேடாதே. முதல் தடவை கேட்கும்போது காலை மட்டும் கவனி. கால் ஆடினால் உனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அநியாயத்துக்கு வருகிறேன். என் அப்பா, அதாவது உன் தாத்தா, ஒரு பூ வண்டி ஓட்டுகிறார். (தாத்தா என்றதும் தடி ஊன்றிய ஆளை நினைக்காதே. நாற்பத்தாறு வயது, தலையில் ஒரு நரைகூட இல்லை. எனக்குத்தான் முதுமை.) நிலக்கோட்டைக்குக் கிழக்கே நாலு ஊர்களில் விடியக்காலையில் மல்லிகை மொட்டு ஏற்றி, ஒன்பது மணிக்குள் பூ மார்க்கெட்டில் இறக்குவது அவர் வேலை. அந்தப் பக்கம் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பாட்டு. நம்பர் பிளேட்டை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வண்டிக்கு ஒரு முருகன் பாட்டு. எங்களுக்குப் போட்டியான வெள்ளை வண்டிக்கு ஒரு குத்துப் பாட்டு. பூப்பறிக்கிற பெண்களுக்கு அதுதான் கடிகாரம். எங்கள் பாட்டு பக்கத்து ஊரில் கேட்டால் இன்னும் இரண்டு வரிசை பறிக்கலாம். கண்மாய்க்கரையில் கேட்டால் மூட்டை கட்ட வேண்டும். கட்டி ரோட்டுக்கு வருவதற்கும் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். போன் இருக்கிறதே என்பாய். பனி ஈரத்தில் இரண்டு கையாலும் பறிக்கிறவர்கள் எந்தக் கையால் போன் எடுப்பார்கள்?

ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு முகூர்த்த நாள் காலையில், அப்பாவோடு வண்டியில் போனேன். முதல் ஊர் எல்லை வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டேன். முருகன் வரவில்லை. விக்கல்காரன் வந்தான்.

“ஏலே, என்னடா எழவு இது? நம்ம பாட்டப் போடு.”

“இன்னைக்கு இதான்ப்பா. ஊரு திருந்தட்டும்.”

“ஊரு திருந்துறது இருக்கட்டும், பூ வாடிரும்டா. போடு.”

“போட மாட்டேன்.”

கையை நெஞ்சுக்கு நேராகக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு நிறுத்திச் சண்டை போட நேரமில்லை. மூன்று ஊரில் ஹாரன் அடித்தும், தலையை வெளியே நீட்டிக் கத்தியும் ஆட்களை வரவழைத்தார். நாலாவது ஊரில், எங்களுக்கு வழக்கமாகப் பூ போடும் பேச்சியக்காவின் மல்லிகைக் காடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். கத்தினால் கேட்காது, பாட்டு மட்டும்தான் தண்ணீரைத் தாண்டிப் போகும். கரையில் செத்த நேரம் நின்று பார்த்தோம். ஆள் வரவில்லை. இன்றைக்கு அக்கா பறிக்கவில்லை போல என்று அப்பா வண்டியை எடுத்துவிட்டார்.

அக்கா பறித்திருந்தது. இருட்டோடு இருட்டாக வந்து, மகளையும் கூட்டிவந்து, ஒரு மூட்டை நிறையப் பறித்திருந்தது. எங்கள் பாட்டு வரட்டும் என்று காத்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அந்த மூட்டையைத் தலையில் சுமந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. காலையில் மொட்டாக இருந்தது, வெயிலில் சாக்குக்குள் வெந்து, பாதி பழுத்து, மீதி வாயைத் திறந்திருந்தது. அக்கா மூட்டையை அவிழ்த்து வாசலில் கொட்டியது. தெருவே மணத்தது, மகனே. அவ்வளவு மணமும் ஒரு காசுக்கு ஆகாத மணம்.

“ஏண்ணே, உங்க வண்டி வந்துச்சா இன்னைக்கு?”

“வந்துச்சு தாயி” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியலையேண்ணே. எவனோ ஒருத்தன் விக்கிக்கிட்டே போனான். தண்ணி குடுக்க ஆளில்லாத பயபுள்ள போலன்னு நெனச்சேன். பிளாஸ்டிக் குடம் விக்கிற வண்டின்னு நெனச்சேன். நம்ம வண்டின்னு நெனைக்கலையே.”

“என் தப்புத்தான். பய வெளையாட்டுக்குப் பண்ணிட்டான். பாட்டப் போடுற வேலைய அவன்கிட்ட விட்டது என் தப்பு.”

“வெளையாட்டுன்னா பம்பரம் விடச் சொல்லுங்க. எங்காட்டுலயா வெளையாடுறது? நாளைலேர்ந்து நான் வெள்ள வண்டிக்குப் போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீக.”

அன்றிலிருந்து தீர்ப்பு மேல் தீர்ப்பு. பாட்டு ராசியில்லாத பாட்டு, பாட்டுப் போட்டவன் உருப்படாதவன். டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து விக்கிக் காட்டுகிறார். எனக்கு என்ன கோபம் என்றால், பூ கெட்டதற்குப் பாட்டா பொறுப்பு? குத்துப் பாட்டு ஓடும் வெள்ளை வண்டியில் பூ கெட்டதே இல்லையா? கேட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் சரி. கேட்காமலே ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்பது எந்த ஊர் நியாயம்? மகனே, இதை எழுதி வைத்துக்கொள்: நமக்குப் புரியாததை இரைச்சல் என்று சொல்வது சுலபம். நீ அப்படிச் சொன்னால் நான் இருக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்து உன் காதைத் திருகுவேன்.

ஆகவே நான் ஒரு போராட்டம் அறிவித்தேன். மறுநாள் காலை அப்பா காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “போதும் அப்பு வெளையாட்டு. நம்ம பாட்டு எங்க வச்சிருக்க? குடுத்துரு” என்றார். நான் நிபந்தனை வைத்தேன். இவையும் பாட்டுதான் என்று இந்த வீடு ஒத்துக்கொள்ளும்வரை முருகன் பாட்டைத் தர மாட்டேன். அம்மா கரண்டியைத் தேடினாள். அப்பா தடுத்துவிட்டு, பாட்டில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஹாரன் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரிதானே இருக்கிறது. லாரி வந்தாலும் அதே சத்தம், பள்ளிக்கூட வேன் வந்தாலும் அதே சத்தம். பேச்சியக்காவைத் தொடர்ந்து இன்னும் இரண்டு காட்டுக்காரர்கள் வெள்ளை வண்டிக்கு மாறினார்கள். தினமும் காலையில் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். ஊரில் என் வயதுப் பையன்களிடம் நான் ஒரு தலைவன் மாதிரி நடந்தேன். முருகனையே பிணையாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று மதியம் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்த அப்பா, சாப்பிட்டுவிட்டு, வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்து சீட்டைத் தட்டினார். “போடு. ஆறையும் போடு. கேக்குறேன்.”

போட்டேன். விக்கல் பாட்டை முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார். இரண்டாவது அறை பாட்டு, அந்தப் பெரிய வாத்தியத்தை அறைந்துகொண்டே போவது. “கைய வலிக்காதாடா அவனுக்கு?” என்று மட்டும் கேட்டார். மூன்றாவதுக்கு நான் வைத்த பெயர் ரயில் பாட்டு. கொடைரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி தாளம் வந்து, நெருங்கி, கடந்து போய்விடும். அவர் விரல் ஸ்டியரிங்கில் தட்டியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். நாலாவதில் ஒரு பெண் பாடுகிறாள். பாடுகிறாள் என்பதைவிட உறுமுகிறாள். புதிதாகக் கேட்கிறவர்கள் இதை விடவே கூடாது. இந்த இசை ஆண்பிள்ளைகள் மட்டும் பாடியது என்று யாராவது சொன்னால் இதைப் போட்டுக் காட்டு. துணி காயப்போட வந்த அம்மா, கையில் வாளியோடு நின்றுவிட்டாள்.

“இவ யாரு, இம்புட்டுக் கோவமா? புருசன் என்ன பண்ணித் தொலைச்சானாம்?”

“தெரியலம்மா.”

“என்னமோ பண்ணியிருக்கான். சும்மா இப்பிடிப் பேச மாட்டா.” பாட்டு முடியும் வரை அம்மா நகரவில்லை. அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது.

ஐந்தாவது ஒரு காரைப் பற்றிய பாட்டு என்று நினைக்கிறேன். இன்ஜின் சத்தத்தை வாயாலேயே செய்கிறான். ஆறாவது மெதுவானது. ஒருவன் தனியாகக் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுவது போல, ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் பட்டுத் திரும்பிவரும். இதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், மற்ற ஐந்தும் ஆடி முடித்தபிறகு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“பாட்டுதான்டா” என்றார். “ஒத்துக்கிறேன். மொதப் பாட்டு எனக்குப் பிடிக்கல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாட்டுதான். இந்தக் கடைசிப் பாட்டு நல்லா இருக்கு. எவனோ ஒத்தையில நிக்கிறான்.” பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து நீட்டினார். “இப்ப நம்ம பாட்டக் குடு அப்பு.”

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மகனே. பூ மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. ஒன்பது நாளாக என்னை ஒரு அடி அடிக்காத கை. நான் கேட்ட நிபந்தனையை வரிக்கு வரி நிறைவேற்றிவிட்டு நீண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மனசாரச் சொல்லலப்பா நீங்க” என்றேன். அப்பா கையை மடக்கிக்கொண்டார். கோபப்படவில்லை. “மனசாரத்தான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நேற்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஆகவே இதுவரை எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். போராட்டம், புரட்சி, பிணை, ஊரைத் திருத்துவது இதெல்லாம் நான் பிறகு கட்டிய கதை. நடந்தது இதுதான். மொபைல் கடையில் ஏற்றிக்கொள்ள நான் எடுத்துப்போனது வண்டியில் கிடந்த பென்டிரைவ். அதில் இடமில்லை. “தம்பி, பழசு கொஞ்சம் அழிக்கணும், மேல இருக்கிறத அழிச்சிரவா?” என்றார் கடைக்காரர். நான் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “அழிங்கண்ணே” என்றேன். மேலே இருந்தது முருகன். அன்றைக்குக் காலை முதல் ஊர் எல்லையில் விக்கல்காரன் குரல் வந்தபோது, அப்பாவைவிட அதிகம் திடுக்கிட்டவன் நான்தான். ‘ஊரு திருந்தட்டும்’ என்பது பயத்தில் வாயிலிருந்து விழுந்தது. முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிடப் போக்கிரி என்று பெயர் வாங்குவது கௌரவமாகப் பட்டது.

வேறு எங்காவது இருக்கும் என்று தேடாமல் இல்லை. அதே முருகன் பாட்டு போனில் எத்தனையோ பேர் குரலில் கிடைக்கிறது. அதில் ஒன்றைத் திருட்டுத்தனமாக வண்டியில் போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன், ஏனென்றால் எங்கள் பாட்டு அது இல்லை. எங்கள் பாட்டு, அப்பாவுக்குக் கல்யாணமாவதற்கு முன்னால், நாலாவது ஊர்த் திருவிழாவில் அந்த ஊர்க்காரர்களே பாடி, யாரோ டேப்பில் பிடித்தது. முடிவில் பெண்கள் குலவையிடுவார்கள். அந்த டேப்பும் எப்போதோ அறுந்துவிட்டது, உலகத்தில் வேறு பிரதி இல்லை. திரும்ப எடுக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். “அந்த எடத்துலதான தம்பி உன் ஆறு பாட்டும் உக்காந்திருக்கு” என்றார்.

மகனே, நீ கொஞ்சம் தள்ளி உட்கார். அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியாததை உன்னிடம் எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான். நீ பிறந்த பிறகு நமக்குள் பேசிக்கொள்வோம். இந்தக் காகிதத்தை இப்போது வண்டியில் டிரைவர் சீட்டின் மேல் வைக்கப்போகிறேன்.

அப்பா, இது உங்களுக்குத்தான். பாட்டு என்னிடம் இல்லை. இந்த ஒன்பது நாளில் எந்த நாளும் இருக்கவில்லை. நீங்கள் மனசாரத்தான் சொன்னீர்கள், அது எனக்கு அப்போதே தெரியும். நாளைக்குக் காலையில் உங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய் நாலு ஊரிலும் வண்டி வருகிறது என்று சொல்கிறேன். முதலில் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய், அழித்தது நான்தான் என்று பேச்சியக்காவிடம் சொல்கிறேன். பூ போடுவதும் போடாததும் அக்கா இஷ்டம். படித்து முடித்ததும் ஒரு ஹாரன் அடியுங்கள், வந்துவிடுகிறேன். எங்கும் ஓடிப்போகவில்லை, மோட்டார் ரூமுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், ஒரு பாதுகாப்புக்கு.